மணிக்கூடு பார்த்துப் பொய் சொன்னவர்

சீட்டாட்டக் கடுதாசியைப் பங்கிட்டு முடித்ததும் அவர் ஒருதரம் கைமணிக்கூட்டைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தன்னுடைய ஐந்து கடுதாசியையும் விரித்துப் பார்ப்பார். வேலைக்கு நேரமாகிறதாக்கும் என்று ஒரு வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு என்ன வேலை என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இருக்கவில்லை. தனக்கு நல்ல கடுதாசி விழவேண்டும் என்ற ஒரே கவலையில் இருக்கிறவன் அடுத்தவனின் மணிக்கூட்டை எங்கே கவனிப்பான்.

தொண்ணூறுகளின் முதல் பாதி. டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இரண்டு அறை வீடொன்றில் நாலு பேர் இருந்தோம். அவர், நான், மோகன், மோகனின் ஒன்றுவிட்ட தமையன் சிறி. நாலு பேருமே அகதி கேஸ் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள். அவருக்கு நாற்பதை நெருங்கிய வயது. எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் 'அண்ணை' என்று கூப்பிடுவோம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியவராது. அப்படிப்பட்ட மனுசன்.

முதலில் நாங்கள் ஊரில் பழகிய முந்நூற்றிநாலுதான் விளையாடினோம். அதில் இரண்டிரண்டு பேராகச் சோடி சேரவேண்டும், தோற்றால் சோடிக்காரனைத் திட்டவேண்டும். ஒரு நாள் மோகனும் சிறியும் சோடி சேர்ந்து தோற்றார்கள். சண்டை ஊரிலிருந்த காணி எல்லை வரைக்கும் போய், ஒரு கிழமை ஆளோடு ஆள் கதைக்காமல் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அதன் பிறகுதான் அவர் தன் பக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் பழகிய போக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இதில அவனவன் தனக்குத்தான் விளையாடுறது. ஏசுறதெண்டால் தன்னைத்தான் ஏசவேணும்" என்றார்.

ஆளுக்கு ஐந்து கடுதாசி. பிடிக்காததை ஒருதரம் மாற்றலாம். பிறகு காசு கட்டலாம், கூட்டலாம், இல்லையென்றால் கடுதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்கலாம். எங்கள் வீட்டுச் சட்டப்படி ஒரு தடவைக்கு ஒரு கால் டொலர் நாணயக் குற்றிதான் கூட்டலாம். கையில் நாலு ராசா இருந்தாலும் அதற்கு மேல் ஏலாது. ஏன் கால் டொலர் என்றால், கட்டடத்தின் நிலத்தடியில் இருந்த உடுப்புத் தோய்க்கிற மெஷின் அந்தக் குற்றியை மட்டும்தான் விழுங்கும். ஞாயிற்றுக்கிழமை வென்றவன் பின்னேரம் உடுப்புத் தோய்ப்பான். தோற்றவன் அடுத்த கிழமையும் பழைய சேட்டோடு வேலைக்குப் போவான். ஒரு குளிர்காலம் முழுக்க நான் பஸ்ஸில் எப்படி மணத்திருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

தோற்றதற்குக் காரணம் என் நடிப்பு. பள்ளிக்கூட நாடகங்களில் ராசா வேசம் போட்டவன் என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது. நல்ல கை வந்தால் பெருமூச்சு விடுவேன், தலையைச் சொறிவேன், "இந்தக் கிழமையும் கையாலைதான் தோய்க்கவேணும் போல" என்று முனகுவேன். ஒன்றுமில்லாத கை வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து குற்றியை மேசையில் அடித்து வைப்பேன். முதல் மாதம் வேலை செய்தது. இரண்டாம் மாதம் நான் பெருமூச்சு விட்டவுடன் மற்ற மூன்று பேரும் கடுதாசியைக் கவிழ்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார்கள். நான் மேசையில் அடித்தால் சிரித்துக்கொண்டே காசு கட்டினார்கள்.

அவருக்கு எந்தக் கை வந்தாலும் ஒரே மாதிரி. மணிக்கூட்டைப் பார்ப்பார், கடுதாசியைப் பார்ப்பார், மூக்குக்கண்ணாடியை ஒருதரம் மேலே தள்ளுவார், பிறகு ஒன்றில் கவிழ்த்து வைப்பார், அல்லது இரண்டு விரலால் குற்றியை நகர்த்திவிட்டுக் "கூட்டுறன்" என்பார். கட்டிப் பார்த்தால் சில நேரம் மூன்று ராசா இருக்கும். சில நேரம் சந்தைக் குப்பை மாதிரி ஐந்து கடுதாசி இருக்கும். எது எப்போது என்று கண்டுபிடிக்க நான் அவருடைய காது, கழுத்து, கால்விரல் எல்லாம் பார்த்திருக்கிறேன். சிறி ஒருதரம் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தால் என்ன என்று கேட்டான்.

"அண்ணை, நீங்கள் பெரிய பொய்க்காரன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"கூட்டுறன் எண்டு சொன்னன். கூட்டினன். இதில என்ன பொய்?" என்றார்.

அவருடைய மணிக்கூட்டுப் பற்றரி ஒரு தை மாதக் குளிரில் செத்துப்போனது. அப்போதுதான் அகப்பட்டார். அந்த ஞாயிறு ஒவ்வொரு கைக்கும் முன்னால், "மோகன், எத்தினை விநாடி?" என்று கேட்டார். மூன்று நாலு தரம் மோகனும் பேசாமல் சொன்னான். ஐந்தாம் தரம் கோபம் வந்துவிட்டது. "மணி கேக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். விநாடி கேக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். என்ன றொக்கற்றே விடப்போறியள்?" என்றான். எனக்குப் பொறி தட்டியது. கடுதாசியை அப்படியே வைத்துவிட்டு, உண்மையைச் சொல்லும்வரை விளையாட்டு இல்லை என்று எழும்பி நின்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"ஒண்டுமில்லாத கையை ஆறில ஒருக்கா நல்ல கை மாதிரி விளையாடுவன். எந்த ஒருக்கா எண்டது எனக்கே தெரியாது. விநாடி முள்ளு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில நிண்டால் பொய். இல்லாட்டி இல்லை. நான் தீர்மானிச்சால் முகத்தில தெரிஞ்சுபோகும். மணிக்கூடு தீர்மானிச்சால் என்ர முகத்துக்கென்ன?"

"அப்ப நல்ல கை வந்தாலும் ஏன் மணிக்கூட்டைப் பாக்கிறியள்?"

"கெட்ட கைக்கு மட்டும் பாத்தால் நீர் கண்டுபிடிச்சிடுவீரே."

இவ்வளவு கஷ்டப்படாமல் என்னைப்போல நடித்து ஆளைப் பயப்படுத்தினால் என்ன என்று கேட்டேன்.

"கால் டொலருக்கு ஆர் பயப்பிடுவான்? என்னதான் இருக்கு எண்டு கட்டிப்போட்டுப் பாப்பான். இருக்கிற எல்லாத்தையும் ஒரேயடியா வைக்கிற விளையாட்டெண்டால் பயப்படுத்தலாம். இஞ்ச செய்யக்கூடியது ஒண்டுதான். நல்லதும் கெட்டதும் வெளியில ஒரே மாதிரித் தெரியவேணும். கட்டினாலும் உமக்குக் குழப்பம், விட்டாலும் குழப்பம்."

தெரிந்துகொண்டும் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பற்றரி போட்ட பிறகு அவர் பழையபடி வென்றார். நான் பழையபடி மணத்தேன்.

ஊரில் அவர் ஒரு சின்னத் தபால் கந்தோரில் இருந்தவர். ரெலிபோனில் வருகிற தந்தியைக் கேட்டு எழுதுவது அவருடைய வேலை. முத்திரை வாங்க வந்து நிற்கிற சனம் அவர் எழுதும்போது அவருடைய முகத்தைத்தான் பார்க்குமாம். ஒருதரம் முகம் மாறியதால், தந்தி வீட்டுக்குப் போகமுதல் கந்தோர் வாசலிலேயே ஒரு தாய் விழுந்து அழுதாவாம். அந்தத் தந்தி அவவுக்கு வந்ததே இல்லை, வேறு யாருக்கோ வந்தது. "அண்டையோட முகத்தை மாத்துறதை விட்டிட்டன்" என்றார். அவர் தன்னைப்பற்றிச் சொன்னவற்றில் இதுதான் நீளமானது.

அவர் முகத்தை மாற்றாமல் இருக்க இங்கேயும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய மனுசியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவவுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. அவவின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் தனிய. கேஸ் சரிவராது என்று தெரிந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவேன் என்று சொல்லியிருந்தா. ஊரில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஆகவே அவர் செய்யவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கேஸ் முடியும்வரை அந்த மூன்று பேரையும் அந்த அறையிலேயே இருக்கவைக்கவேண்டும்.

இரண்டு கிழமைக்கு ஒருக்கா, ஞாயிறு காலை பத்து மணிக்கு, லொட்ஜுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்த ரெலிபோன் கடைக்கு எடுப்பார். அங்கே இரவு. அவ பிள்ளைகளோடு வந்து வாங்கில் காத்திருப்பா. "சுகமாயிருக்கிறன். வேலை இருக்கு. கேஸ் நடக்குது. பிள்ளையளிட்டக் குடும்." ஒவ்வொரு தரமும் இதே வசனங்கள், இதே ஒழுங்கு. மாதம் ஒரு கடிதம். அதுவும் ஒரு பக்கம், கடைசி மடிப்பு வரைக்கும். சந்தோசமான மாதத்தில் ஒரு வரி கூட எழுதமாட்டார். கூட எழுதினால் பிறகு துக்கமான மாதத்தில் குறைந்தது தெரிந்துபோகுமாம்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருந்தது. மூன்று நாலு மாதத்துக்கு ஒருக்கா, ஒரு காரணமும் இல்லாமல் என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைத் தான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்வார்.

"ஏனண்ணை, கை நல்லாத்தானே இருக்கு?"

"இப்ப நல்லாயிருக்கு" என்பார்.

எனக்கு எரிச்சலாக இருக்கும். 'தம்பிதான் எழுதுகிறார், எனக்குப் பஞ்சி' என்று, ஏதோ சோம்பல்காரன்போல, முதல் வரியில் எழுதவைப்பார். அந்தத் தம்பி நான். இப்படியே ஒரு வருசம் போனது. பிறகு பக்டரியில் பிளாஸ்ரிக் மூடி அடிக்கிற மெஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரலை நசுக்கியது. ஆறு கிழமை பேனை பிடிக்க ஏலாது. அந்த மாதக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். 'தம்பிதான் எழுதுகிறார், எனக்குப் பஞ்சி.' கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதே குரலில் அவர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. எப்போதாவது கையெழுத்து மாறவேண்டி வந்தால் அவ சந்தேகப்படக்கூடாதென்று அவர் ஒரு வருசத்துக்கு முன்பே பொய்யை நட்டு வளர்த்திருக்கிறார். அந்த மனுசனை நினைத்து அன்றைக்குக் கொஞ்சம் பயந்தேன் என்றே சொல்லவேண்டும்.

கேஸ் முதல்தரம் சரிவராமல் போன நாளும் அப்படித்தான். அன்றைக்குச் சமையல் முறை அவருடையது. மீன்குழம்பு வைத்தார். சிறி இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு குழம்பைப் புகழ்ந்தான். எல்லாரும் சாப்பிட்டு முடிந்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, "என்ர கேஸ் சரிவரேல்லை. அப்பீல் பண்ணலாம் எண்டு லோயர் சொல்லுறார்" என்றார். முதலே சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். "சொல்லியிருந்தால் சாப்பிட்டிருக்கமாட்டியள்" என்றார். அடுத்த ஞாயிறு ரெலிபோனில் அதே நாலு வசனம்.

என்னுடைய கேஸ் அவருக்கு முதலே சரிவந்துவிட்டது. சந்தோசத்தில் வீடெல்லாம் துள்ளினேன். அவர் "நல்லது" என்றார். அவ்வளவுதான். பொறாமையோ என்று எனக்குள் புழுங்கினேன், மோகனிடம் வாய்விட்டும் சொன்னேன். அடுத்த நாள் வேலையால் வந்து பார்த்தால், என்னுடைய கட்டிலில் என் உடுப்பு முழுவதும் தோய்த்து, காயவைத்து, மடித்து வைத்திருந்தது. சேட்டுகளின் கழுத்துப் பட்டிகூடச் சீராக இருந்தது. அவர் சந்தோசப்பட்டதை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். மோகனிடம் சொன்னதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பிறகு அவருடைய குடும்பமும் வந்தது. மோர்னிங்சைட் பக்கம் வீடெடுத்துப் போனார்கள். ஒன்றிரண்டு தரம் போய்ப் பார்த்தேன். பிறகு எனக்கும் கலியாணம், பிள்ளை, இரண்டு வேலை என்று தொடர்பு விட்டுப்போயிற்று. அந்தப் பதினோராம் மாடி வீட்டை இப்போது நினைத்தால், கால் டொலருக்காக அடிபட்டுக்கொண்டிருந்த அந்த ஞாயிறுகளைப்போல நிம்மதியான நாட்கள் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை என்றுதான் படுகிறது. ஆனால் அவரை நினைக்கும்போது முதலில் வருவது கடுதாசி விளையாடாத ஒரு ஞாயிறு.

அப்பீல் போட்டு, திரும்ப விசாரித்து, நாலாம் வருசம் அவருடைய கேஸ் சரிவந்தது. அதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. கடிதத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பால் எடுக்கப்போன மோகன்தான் பார்த்துக் கூச்சல் போட்டான். அன்று வியாழக்கிழமை. உடனே ரெலிபோன் கடைக்கு எடுத்து, ஆளனுப்பி அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ என்று மூன்று பேரும் கெஞ்சினோம்.

"வழமையில்லாத நாளில எடுத்தால் பயந்துபோவாள். ஞாயிற்றுக்கிழமை சொல்லுவம்" என்றார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டி இலக்கத்தை அழுத்தினார். நாங்கள் மூன்று பேரும் பல்லைக்கூடத் தீட்டாமல் சுற்றி நின்றோம். அவர் வழமைபோலச் சொன்னார்.

"சுகமாயிருக்கிறன். வேலை இருக்கு. கேஸ் சரிவந்திட்டுது. இனி உங்களைக் கூப்பிடலாம்."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னா என்று கேட்கவில்லை. அவர் திரும்பச் சொன்னார். "இல்லை, உண்மையாத்தான். கடிதம் வந்திருக்கு." குளிர்ப்பெட்டியிலிருந்து கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லி எனக்குக் கைகாட்டினார். அதைத் தந்தி வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பிறகும் "இல்லையப்பா, மறைக்கேல்லை" என்றார். அவர் ஒரே விசயத்தை நாலு தரம் சொல்லி நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. கடைசியில் றிசீவரை என்னிடம் நீட்டினார்.

"கடிதம் எழுதுற தம்பியோட கதைக்கவேணுமாம்."

அவவின் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். மெல்லிய குரல், மூச்சுவாங்கியது.

"தம்பி, நீங்கள் சொல்லுங்கோ. கேஸ் இல்லையெண்டு போட்டாங்களோ? இவருக்கு ஏதும் வருத்தமோ? நான் ஊருக்குப் போயிடுவன் எண்டு மறிச்சு வைக்கத்தானே இப்பிடிச் சொல்லுறார்? போன கிழமை ஐயா கடிதம் போட்டவர், வந்து பாத்திட்டுப் போ எண்டு. நான் செவ்வாய்க்கிழமைக்குப் பயணம் வெளிக்கிட்டிட்டன், தம்பி. பெட்டி கட்டியாச்சு. உண்மையைச் சொல்லுங்கோ."

இரண்டு பெண்பிள்ளைகளோடு செவ்வாய்க்கிழமை. "ஓம் அக்கா, உண்மை, கடிதத்தை நானே பாத்தனான்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. மூக்கு ஒழுகி, விக்கி, பெரிய சத்தமாக அழுதுவிட்டேன். நான் நடிக்கத் தெரியாதவன் என்பது நான்கு சுவருக்குள் மட்டும் தெரிந்த விசயம் என்றிருந்தேன். பதினாலாயிரம் கிலோமீற்றர் தள்ளியும் அது தெரிந்தது.

"நீங்கள் அழுறியள்" என்றா.

"ஓமக்கா."

"அப்ப உண்மைதான்" என்று சொல்லிவிட்டு அவவும் அழுதா. பிறகு சொன்னா: "நாலு வருசமா ஒரே குரலில கதைக்கிறார், தம்பி. நல்லது நடந்தாலும் எனக்குத் தெரியாது, கெட்டது நடந்தாலும் தெரியாது. அதால ஒவ்வொரு தரமும் கெட்டதெண்டே வைச்சுக்கொண்டு வீட்டை போவன். இவர் சொன்ன நல்லது ஒண்டையும் நான் ஒருநாளும் நம்பேல்லை."

இதை அப்படியே அவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று சிலவேளை யோசிப்பதுண்டு. அவர் கதிரையில் இருந்தார். கையைப் பார்த்தார், அந்த இரண்டு விரலை. பிறகு றிசீவரை வாங்கி எல்லாவற்றையும் சொன்னார். கேஸ் முதல்தரம் சரிவராமல் போனது. மெஷினில் கை அகப்பட்டது. கை ஏலாமல் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள். தம்பி ஏன் கடிதம் எழுதினார் என்பது. ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லச் சொல்ல அந்தக் குரல் ஒழுங்கு கெட்டுப்போனது. பாதி வசனத்தில் நிறுத்தினார், திரும்பத் தொடங்கினார், எந்த மாதம் என்று தடுமாறினார்.

பிறகு அவ ஏசத் தொடங்கினா. அறைக்கு மற்றப் பக்கத்தில் நின்ற எங்களுக்கே கேட்டது. மெல்லிய குரல் என்று சொன்னேனே, அதே மனுசிதான். அவர் றிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, "ஓம், என்ர பிழைதான், என்ர பிழைதான்" என்றார். சிறி எங்களை இழுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தான். அதற்குள் ஏச்சு சட்டென்று நின்றுவிட்டது. கார்ட்டில் காசு முடிந்திருந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்க ஈரம். அதைத் துடைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கேட்கத் தேவையிருக்கவில்லை, இரண்டும் அங்கேயே தெரிந்தது.

"கீழ கடைக்கு ஓடிப்போய் இன்னொரு கார்ட் வாங்கிக்கொண்டு வாரும்" என்றார். "கெதியாப் போம், அங்க கடை பூட்டப் போறாங்கள். அவள் இன்னும் ஏசி முடிக்கேல்லை."